அந்த சோடியத்த ஏன் இப்படி விரட்டி விரட்டி கழுவுறீங்க?

டைட்டனேட் நானோடியூப், அதாவது டைட்டானியமும் ஆக்சிஜனும் சேந்த கண்ணுக்கே தெரியாத சின்ன குழாய், பண்ற எந்த லேப்புக்கு போனாலும் சென்ட்ரிஃபியூஜ் பக்கத்துல ஒரு ஆள் பவுடர கழுவிட்டே நிப்பாங்க. தண்ணி ஊத்துறது, சுத்த விடுறது, மேல நிக்கிற தண்ணிய கொட்டுறது, ஆசிட் ஊத்துறது, திரும்ப தண்ணி. எதுக்குப்பா இவ்ளோ கழுவுறன்னு கேட்டா "சோடியம் போகணும்க்கா"ன்னு பதில் வரும். ஏன் போகணும்? "பேப்பர்ல அப்டித்தான்க்கா போட்டிருக்கு." அவ்ளோதான். சோடியம்னா ஏதோ தெரியாம உள்ள வந்து ஒட்டிக்கிட்ட அழுக்குன்னு எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க, ஆனா சோடியம் ஹைட்ராக்சைடு இல்லாம இந்த டியூபே வராது, வந்த டியூப வெச்சு என்ன வேலை வாங்கலாம்ங்கறதுலயும் முக்கால்வாசி அந்த சோடியம் எவ்ளோ மிச்சம் இருக்குங்கறதுலதான் இருக்கு. போஸ்ட் கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்துடுங்க.

மொதல்ல ஒரு குழப்பத்த தீத்துருவோம். டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு) நானோடியூப்னு தேடுனா ரெண்டு வேற வேற சரக்கு கலந்துகட்டி வரும். டைட்டானியம் தகட்ட ஃப்ளோரைடு கரைசல்ல வெச்சு வோல்டேஜ் குடுத்தா தகட்டு மேல வரிசையா டியூப் வளரும், அது ஆனோடைசிங், அந்த கதை வேற. நான் சொல்றது ஆட்டோகிளேவ்ல, அதாவது இறுக்கி மூடுன பாத்திரத்துல, வேகவெச்சு எடுக்குற ஹைட்ரோதெர்மல் வகை, வெள்ளை பவுடரா கைக்கு வர்றது.

இது 1998ல ஜப்பான்ல ஆரம்பிச்சது. கசுகா குழு லாங்மியூர் ஜர்னல்ல ஒரு பேப்பர் போட்டாங்க, டைட்டானியா பவுடர 5ல இருந்து 10 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுல போட்டு 110 டிகிரில 20 மணி நேரம் வெச்சோம், சுமாரா 8 நானோமீட்டர் விட்டம் 100 நானோமீட்டர் நீளத்துல உள்ள ஓட்டையோட துகள் வந்துச்சு, கிராமுக்கு 400 சதுர மீட்டர் பரப்பளவு இருக்குன்னு. அவ்ளோ சிம்பிளான ரெசிப்பி. டெம்ப்ளேட்னு அச்சு எதுவும் வேணாம், வேக்குவம் வேணாம், ஒரு அவனும் டெஃப்லான் பாத்திரமும் இருந்தா போதும், அதனாலதான் பட்ஜெட் இல்லாத லேப்ல எல்லாம் இது ஓடுச்சு.

ஆனா அவங்க இத டைட்டானியம் டை ஆக்சைடு டியூப்னுதான் நெனச்சாங்க. 1999ல அடுத்த பேப்பர்ல, காரத்துல வேகவெச்சப்புறம் தண்ணியும் ஆசிட்டும் விட்டு கழுவும்போதுதான் டியூபே உருவாகுதுன்னு சொன்னாங்க. கழுவுறத ஒரு சடங்கா எல்லாரும் புடிச்சுக்கிட்டதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நெனைக்கிறேன். அப்புறம் 2001, 2002 வாக்குல பீக்கிங் யுனிவர்சிட்டில பெங் லியன்மாவோ, சென் சிங் குழு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ப வெச்சு பாத்துட்டு இது டை ஆக்சைடே இல்லப்பா, டிரைடைட்டனேட், காரத்துல இருக்கும்போதே சுருண்டுடுதுன்னு சொல்லிட்டாங்க. ஜப்பான் சுகுபால சசாகி, மா குழு இல்ல இல்ல இது லெபிடோகுரோசைட்ங்கற இரும்பு தாது மாதிரி அடுக்குன்னாங்க. சண்டை இன்னும் முழுசா ஓயல. எனக்கு டிரைடைட்டனேட் மாடல்தான் கணக்கு போட வசதி, அதாவது சோடியம் ரெண்டு, டைட்டானியம் மூணு, ஆக்சிஜன் ஏழு. எந்த மாடல எடுத்தாலும் ஒரு விஷயம் பொது: டைட்டானியமும் ஆக்சிஜனும் சேந்து நெகட்டிவ் சார்ஜோட ஒரு தாள் தாளா இருக்கும், அந்த தாளுக்கு நடுவுல சார்ஜ ஈடுகட்ட சோடியமோ ஹைட்ரஜனோ உக்காந்திருக்கும், கூடவே கொஞ்சம் தண்ணி.

டியூப்னு சொல்றதால மூங்கில்ல இருக்குற மாதிரி முழு வட்டச் சுவர்னு நெனச்சுக்காதீங்க, இது சுருட்டி வெச்ச பாய். டெம் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) படத்த நல்லா ஜூம் பண்ணி பாத்தா தெரியும், ஒரு பக்க சுவர்ல நாலு கோடு இருக்கும், எதிர் பக்கத்துல மூணுதான் இருக்கும், பாயோட ஓரம் அந்த பக்கம் வந்து முடிஞ்சதால வர்ற வித்தியாசம். வெளி விட்டம் 10 நானோமீட்டர் சுத்தி, உள் ஓட்டை அதுல பாதி, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவுல 0.7ல இருந்து 0.8 நானோமீட்டர். தாள் ஏன் சுருளுதுன்னா, படிகத்துல இருந்து உரிஞ்சு வர்ற மேல் தாளுக்கு ஒரு பக்கம் கரைசல், இன்னொரு பக்கம் மிச்ச படிகம், ரெண்டு பக்கமும் உக்காந்திருக்கற அயனி ஒரே அளவுல இல்ல, அதனால ரெண்டு முகத்துலயும் இழுவிசை வேற வேற, ஒரு கட்டத்துல வளைஞ்சுடுது. பீக்கிங் குழுவே 2003ல இந்த மாதிரி ஒரு விளக்கத்த கணக்கு போட்டு காட்டுனாங்க.

சரி, செய்யுற இடத்துக்கு வருவோம், எனக்கு புடிச்ச பகுதி. 10 மோலார்னா லிட்டருக்கு 400 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு. கரைக்கும்போது பாத்திரம் கை வெக்க முடியாத அளவுக்கு சுடும், கண்ணாடி பீக்கர்ல பண்ணாதீங்க, இந்த செறிவுல சூடா இருக்குற காரம் கண்ணாடியையே அரிச்சு சிலிக்காவ உங்க சாம்பிளுக்குள்ள கொண்டாந்துரும், பிளாஸ்டிக் பீக்கர ஐஸ் தண்ணில வெச்சு கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. அதுல பி25ங்கற டைட்டானியா பவுடரோ சாதா அனடேஸோ (டைட்டானியாவோட ஒரு படிக வடிவம்) ஒரு கிராம், ரெண்டு கிராம் போட்டு கலக்குனா பால் மாதிரி ஆகும், டெஃப்லான் கப்புல முக்கால் அளவு ஊத்தி, ஸ்டீல் உறைய நல்லா இறுக்கி, 130 டிகிரி பக்கம் ஒரு நாள் விட்டா போதும். சூட்ட 180க்கு மேல ஏத்துனா டியூப் வராது, நீளமான ரிப்பனா கம்பியா வந்துடும். சோடியத்துக்கு பதிலா பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டாலும் பெரும்பாலும் கம்பிதான், லித்தியம் போட்டா டியூபே கெடையாது. ஆக டியூப் வடிவத்துக்கும் சோடியத்துக்கும் இருக்குற தொடர்பு தற்செயல் இல்ல.

ஆறுனதும் தொறந்து பாத்தா அடில வெள்ளையா கெட்டியா படிஞ்சிருக்கும், மேல தெளிஞ்ச காரம் நிக்கும். இங்கதான் உங்க சாம்பிளோட தலையெழுத்து முடிவாகுது. வெறும் தண்ணில கழுவி பிஹெச் 9, 10ல நிறுத்துனா சோடியம் நெறைய இருக்குற டியூப். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல கழுவி பிஹெச்ச கீழ எறக்க எறக்க சோடியம் வெளிய போய் அந்த எடத்துல ஹைட்ரஜன் வந்து உக்காரும், பிஹெச் 2 பக்கம் போனா கிட்டத்தட்ட மொத்த சோடியமும் காலி. அதுக்கும் மேல செறிவான ஆசிட்ல ஊற வெச்சா டியூபே கரைஞ்சு வடிவம் கெட்டுப்போகும். நடுவுல எங்க வேணா நிறுத்தலாம், அதுதான் இதுல அழகு, ஒரே தொகுப்புல இருந்து அஞ்சாறு வேற வேற பொருள் எடுக்கலாம்.

ஃபார்முலாவ வெச்சு கணக்கு போட்டா முழுசா சோடியம் இருந்தா எடைல 15 சதவீதம் பக்கம் சோடியம், பாதிய ஹைட்ரஜன் புடிச்சுட்டா 8 சதவீதம் சுத்தி. இது தண்ணிய கணக்குல சேக்காம, தண்ணியோட பாத்தா இன்னும் குறையும். இடிஎக்ஸ்ல (எந்த தனிமம் எவ்ளோன்னு அளக்குற கருவி) வர்ற நம்பர இதோட ஒப்பிட்டு பாத்துட்டு அப்புறம் பேப்பர்ல சுத்தமான ஹைட்ரஜன் டைட்டனேட்னு எழுதுங்க. அஞ்சு சதவீதம் சோடியத்த வெச்சுக்கிட்டு தலைப்புல டைட்டானியம் டை ஆக்சைடு நானோடியூப்னு போட்ட பேப்பர் எத்தனையோ பாத்தாச்சு. எக்ஸ்ஆர்டில (எக்ஸ்ரே வெச்சு படிக அமைப்ப பாக்குற சோதனை) 10 டிகிரி பக்கத்துல ஒரு அகலமான மேடு வருதுல்ல, அதுதான் அடுக்கு இடைவெளியோட கையெழுத்து, அது இருக்குற வரைக்கும் அது டைட்டனேட், அனடேஸ் கெடையாது.

சூடு பண்ணி பாத்தா சோடியம் என்ன பண்ணுதுன்னு பளிச்சுன்னு தெரியும். ஹைட்ரஜன் டியூப 400 டிகிரிக்கு ஏத்துனா நடுவுல இருக்குற தண்ணி வெளிய போய், அடுக்கு ஒட்டி, டியூப் குலைஞ்சு அனடேஸ் துகளா மாறிடும். சோடியம் டியூப் அவ்ளோ சீக்கிரம் விட்டுக்குடுக்காது, சோடியம் முட்டு குடுத்து நிக்கிறதால 500 டிகிரி பக்கம் வரைக்கும் வடிவம் பெருசா மாறாம இருக்கும், அதுக்கு மேல போனா அனடேஸ் ஆகாம சோடியம் ஹெக்ஸாடைட்டனேட் கம்பியா மாறும். உங்களுக்கு அனடேஸ் வேணும்னா சோடியம் எதிரி, சூட்ட தாங்குற டியூப் வேணும்னா அதே சோடியம்தான் துணை. எது வேணும்னு முடிவு பண்ணாம கழுவ ஆரம்பிக்காதீங்க.

பயன்பாட்டுல எனக்கு ரொம்ப நம்பிக்கை இருக்கறது அயனி மாற்றத்துல. சோடியம் அடுக்குக்கு நடுவுல ரொம்ப இறுக்கமா உக்காரல, ஈயம், காட்மியம், தாமிரம்னு ரெட்டை சார்ஜ் அயனி தண்ணில வந்தா ரெண்டு சோடியம் வெளிய போய் ஒரு ஈயம் உள்ள வந்துடும். சிங்ஹுவா யுனிவர்சிட்டில சுன், லி ரெண்டு பேரும் 2003லயே காட்மியம், ஜிங்க், கோபால்ட், நிக்கல், காப்பர், சில்வர்னு வரிசையா உள்ள ஏத்தி காட்டிட்டாங்க. ஈயத்துக்கு ஒரு கணக்கு போட்டு பாருங்க: முழு சோடியம் டைட்டனேட் 301.6 கிராமுக்கு ஒரு மோல் ஈயம், அதாவது 207.2 கிராம். கிராமுக்கு 687 மில்லிகிராம் வருது. இது தாள்ல போடுற உச்ச வரம்பு. யாராவது கிராமுக்கு 900 மில்லிகிராம் ஈயம் புடிச்சேன்னு சொன்னா அயனி மாற்றம் மட்டும் நடக்கல, பிஹெச் ஏறி ஈயம் ஹைட்ராக்சைடா படிஞ்சிருக்குன்னு சந்தேகப்படலாம். சோடியம் டியூப தண்ணில போட்டாலே பிஹெச் ஏறும், அத கவனிக்காம விட்டா இந்த மாதிரி சூப்பர் ரிசல்ட் நெறைய கெடைக்கும். அதனாலதான் ஈயத்துக்கு பிஹெச் 5 பக்கமே புடிச்சு வெச்சு பண்ணுவாங்க, அதுக்கு ரொம்ப கீழ போனா ஹைட்ரஜன் போட்டி போடும்.

லேப்ல டிஸ்டில்டு வாட்டர்ல ஈய நைட்ரேட்ட கரைச்சு பண்றப்ப எல்லாம் பிரமாதமா இருக்கும். நெஜ போர்வெல் தண்ணில கால்சியமும் மக்னீசியமும் கொட்டிக் கெடக்கும், அதுவும் ரெட்டை சார்ஜ்தான், அதுவும் எடம் கேக்கும். ஈயத்துக்கு முன்னுரிமை இருக்கு, ஆனா சும்மா வந்துடாது. இன்னொரு தலைவலி, பவுடர் அவ்ளோ நைசு, வடிகட்டுற குழாய்ல (காலம்) போட்டு தண்ணி விட்டா ஒண்ணு அடைச்சுக்கும், இல்லேன்னா தண்ணியோடயே வெளிய வந்துடும். குருணையா ஆக்கணும், இல்ல நார் மேல வளக்கணும், இதுல வேலை பண்ற ஆளுங்க கம்மி, ஏன்னா இதுக்கு பெரிய ஜர்னல்ல எடம் கெடைக்காது.

அணு உலை கழிவு பக்கம் போனா சோடியம் டைட்டனேட் ஏற்கனவே வேலைக்கு போன ஆளு. அமெரிக்கால சவுத் கரோலினாவுல இருக்குற சவானா ரிவர் சைட்ல, பழைய அணு ஆயுத தயாரிப்புல மிச்சமான உப்பு கழிவுல இருந்து ஸ்ட்ரான்சியத்தையும் புளூட்டோனியம் வகையறாவையும் எடுக்க மோனோசோடியம் டைட்டனேட்தான் போடுறாங்க. அது டியூப் இல்ல, உருண்டை துகள், ஆனா வேலை செய்யுற தத்துவம் ஒண்ணுதான். டைட்டனேட் செறிவான காரத்துலயும் கதிர்வீச்சுலயும் நிக்கும், சாதா பிளாஸ்டிக் ரெசின் அங்க தாக்கு புடிக்க கஷ்டம். பிரிஸ்பேன்ல குயின்ஸ்லாந்து யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜில சூ ஹுவாயோங் குழு பண்ணது இன்னும் சுவாரஸ்யம். டைட்டனேட் நார்ல ரெட்டை சார்ஜ் அயனி ஒரு அளவுக்கு மேல உள்ள போனதும் அடுக்கு அமைப்பே உருமாறி, உள்ள போனது திரும்ப வெளிய வர முடியாம பூட்டிக்குதுன்னு 2008ல காட்டுனாங்க. கழிவ புடிக்கிறதும் அதுதான், அடைச்சு வெக்கிற டப்பாவும் அதுதான். 2011ல டியூபயும் நாரையும் வெச்சு சீசியம் புடிச்சாங்க, அது மேல சில்வர் ஆக்சைடு துகள ஒட்டி அயோடைடையும் புடிச்சாங்க. இதுல எல்லாம் சோடியம் உள்ள இருந்தாத்தான் மாத்திக்க ஆள் இருக்கும், அத மொதல்லயே கழுவி விரட்டிட்டு அப்புறம் ஏன் கெப்பாசிட்டி கம்மின்னு கேட்டா நான் என்ன சொல்றது.

இப்ப ஒரு பொலம்பல், பொறுத்துக்கோங்க. மெத்திலின் புளூ. காலேஜ் ப்ராஜெக்ட் பத்துல எட்டு இதுதான்: டைட்டனேட் டியூப மெத்திலின் புளூ கரைசல்ல போட்டு, யூவி லைட்ட போட்டு, நீல நெறம் போயிடுச்சு, ஆகவே சிறந்த ஃபோட்டோகேட்டலிஸ்ட் (வெளிச்சம் பட்டா சாயத்த சிதைக்கிற பொருள்)னு முடிச்சுடுவாங்க. தம்பி, லைட்ட ஆஃப் பண்ணிட்டு ஒருக்கா பண்ணி பாருங்க. மெத்திலின் புளூ பாசிட்டிவ் சார்ஜ் உள்ள சாயம், டைட்டனேட் தாள் நெகட்டிவ், சோடியம் வெளிய போய் சாயம் போய் ஒட்டிக்கும், இருட்டுலயே நெறம் போயிடும். கண்ணாலயே தெரியும், சென்ட்ரிஃபியூஜ் பண்ணி எடுத்தா தண்ணி தெளிஞ்சிருக்கும், அடில இருக்குற பவுடர் கடும் நீலமா இருக்கும். சாயம் எங்கயும் அழியல, எடம் மாறிருக்கு, அவ்ளோதான். நெஜமா ஃபோட்டோகேட்டலிசிஸ் பாக்கணும்னா இருட்டுல சமநிலை வர வரைக்கும் கலக்கி வெச்சுட்டு அப்புறம் லைட்ட போடுங்க, இல்லேன்னா மெத்தில் ஆரஞ்சு, ஃபீனால் மாதிரி ஒட்டிக்காத ஒண்ண எடுங்க. அப்ப பாத்தா சோடியம் டியூப் ரொம்ப சுமார்தான், அத ஒத்துக்கணும். சோடியம் அனடேஸ் உருவாக விடாது, வெளிச்சம் பட்டு பிரியுற எலக்ட்ரானும் அது விட்டுட்டு போற துளையும் திரும்ப சேந்துடும். தானா சுத்தமாகுற கண்ணாடில டைட்டானியா பூச்சுக்கு கீழ சிலிக்கா பூச்சு ஒண்ணு குடுக்குறாங்களே, கண்ணாடில இருக்குற சோடியம் சூடு பண்ணும்போது மேல ஏறி டைட்டானியாவ கெடுத்துடக் கூடாதுன்னுதான். ஆக ஃபோட்டோகேட்டலிஸ்ட் ஆளுங்க சோடியத்த கழுவுறது நியாயம். அவங்க சொன்னத மத்த எல்லாரும் கண்ண மூடிட்டு காப்பி அடிச்சதுதான் பிரச்சனை.

பயோடீசல்ல கதை அப்படியே தலைகீழ். எண்ணெய்ய மெத்தனாலோட சேத்து எஸ்டரா, அதாவது பயோடீசலா, மாத்த காரத்தன்மை உள்ள கேட்டலிஸ்ட் வேணும். டியூப்ல சோடியம் இருந்தா அந்த காரத்தன்மை கூடவே வரும், மெக்சிகோவுல கிளிமோவா குழு சோயா எண்ணெய்ல இத பண்ணி காட்டிருக்காங்க, சோடியம் கூட கூட வேலையும் கூடுச்சு. வடிகட்டி திரும்ப போடலாம்ங்கறது பெரிய லாபம், ஆனா ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் சோடியம் கரைஞ்சு போகும், அத அளந்து சொல்லாத பேப்பர நான் நம்ப மாட்டேன்.

எலும்பு பக்கமும் ஒரு எட்டு பாத்துடலாம். கியோட்டோவுல கொகுபோ குழு 1996ல டைட்டானியம் உலோகத்தயே 10 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுல 60 டிகிரில ஊற வெச்சு, அப்புறம் 600 டிகிரில சூடு பண்ணி, மேல சோடியம் டைட்டனேட் படலம் வர வெச்சாங்க. அத ரத்த திரவம் மாதிரி உப்பு கரைசல்ல வெச்சா சோடியம் மெதுவா வெளிய போகுது, அந்த எடத்துக்கு திரவத்துல இருந்து ஹைட்ரோனியம் வருது, பரப்புல டைட்டானியம் ஹைட்ராக்சில் வருது, பக்கத்துல இருக்குற தண்ணி கொஞ்சம் காரமாகுது, கால்சியமும் பாஸ்பேட்டும் வந்து எலும்போட தாதுவான அபடைட்டா படியுது. வெளிய போற சோடியம்தான் வேலையே பண்ணுது. ஜப்பான்ல இத இடுப்பு மூட்டு இம்பிளான்ட்ல நெஜமாவே போடுறாங்க.

பேட்டரிய விட்டா கமெண்ட்ல திட்டுவீங்க. லித்தியம் பேட்டரில நெகட்டிவ் பக்கம் கிராஃபைட் போடுவோம், சோடியம் பேட்டரிக்கு அது ஆகாது, சோடியத்த சரியா உள்ள வாங்காது. 2011ல பிரேம்குமார் செங்குட்டுவன், பலசின், டராஸ்கான் குழு இதே சோடியம் டிரைடைட்டனேட்ட எடுத்து 0.3 வோல்ட் சுத்தி இன்னும் ரெண்டு சோடியம் உள்ள போகுது வருதுன்னு காட்டுனாங்க, அவ்ளோ கம்மி வோல்டேஜ்ல சோடியம் வாங்குற ஆக்சைடு அதுக்கு முன்னாடி யாரும் காட்டல. கணக்குப்படி கிராமுக்கு 178 மில்லிஆம்பியர் மணி. செங்குட்டுவன் இப்ப பெங்களூர்ல ஜவஹர்லால் நேரு சென்டர்ல இருக்காரு. டியூபா பண்ணா சோடியம் கடக்க வேண்டிய தூரம் குறையும், அது நல்லது, ஆனா பரப்பு அதிகம்ங்கறதால மொத சார்ஜ்லயே எலக்ட்ரோலைட்டோட ரியாக்ட் ஆகி நெறைய வீணாகும், அடுக்குக்குள்ள மாட்டிக்கிட்ட தண்ணி வேற தொல்லை. கரண்ட்டும் சரியா கடத்தாது, கார்பன் கலந்தாகணும். எனக்கு கேட்டா பேட்டரிக்கு டியூப விட ஒழுங்கா படிகமான சின்ன கம்பி தேவலாம்.

கடைசியா செலவு. இந்த ரூட்ல ஒரு கிராம் டியூபுக்கு 80 மில்லி காரம் ஊத்துறோம்னு வெச்சுக்கோங்க, அதுல 32 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு. ஒரு கிராமுக்கு 32 கிராம்! இதையும் பசுமை முறைன்னு அறிமுகத்துல எழுதுறாங்க. டியூப் எடுத்ததும் மேல நிக்கிற காரத்த சிங்க்ல கொட்டாம செறிவு பாத்து அடுத்த தொகுப்புக்கே போட்டுக்கலாம், ரெண்டு மூணு தடவ தாராளமா ஓடும். மூலப்பொருள் நமக்கு பிரச்சனையே இல்ல, மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்லயே இல்மனைட் இருக்கு, திருவனந்தபுரத்துல டிராவன்கூர் டைட்டானியம் அனடேஸ் பவுடரே தயாரிக்கிறாங்க, அந்த பெயின்ட் தர பவுடர்லயும் டியூப் வரும், இறக்குமதி பி25தான் வேணும்னு அடம் புடிக்க வேண்டாம். வேற பவுடர் போட்டா நேரத்த மட்டும் கொஞ்சம் கூட்டி பாருங்க. அப்புறம் நாளைக்கு பாட்டில்ல லேபிள் ஒட்டும்போது தேதியோட சேத்து, எதுல கழுவுனீங்க, கடைசி பிஹெச் எவ்ளோல நிறுத்துனீங்க, இந்த ரெண்டையும் எழுதி வெச்சுடுங்க, இல்லேன்னா ஆறு மாசம் கழிச்சு அந்த பாட்டில்ல எந்த டியூப் இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது.